பட்டியலின் கீழ்வரிசை

ஓர் ஊருக்குக் கொஞ்சம் பணம் வருகிறது. ஊரின் தேவைகள் பத்து. பணமோ இரண்டுக்குத்தான் போதும். எந்த இரண்டு என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும் என்கிறார்கள். கேட்பதற்கு மிக நியாயமான ஏற்பாடு. எங்கோ குளிரூட்டிய அறையில் ஓர் அதிகாரி தீர்மானிப்பதைவிட இது மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஆனால் முடிவுக்குப் பிறகு எட்டுத் தேவைகள் மிஞ்சி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு அவர்களிடம் 'இப்போதைக்கு இல்லை' என்று சொன்னது அரசாங்கம். இப்போது அதைச் சொல்வது பக்கத்து வீடு. அதிகாரி மறுத்தால் திட்டலாம், மனு எழுதலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவலாம். நாளைக்குக் காலையில் வாசலில் முகம் பார்க்க வேண்டிய ஆள் கைதூக்கி மறுத்தால் என்ன செய்வது?

'மக்கள் பங்கேற்பு' பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேலிடத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவைத்தான் பேசுகிறார்கள். மக்களுக்கும் மக்களுக்கும் உள்ள உறவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஓர் ஊர் தன் முன்னுரிமைகளைத் தானே வகுத்துக்கொள்ளும்போது, முன்னுரிமை கிடைக்காமல் போனவருக்கு மற்றவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

இதை வாசிக்கும் இளைய நண்பர்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. பல்கலைக்கழகச் சங்கத்தின் பெயரிலோ, ஓர் அரசு சாரா அமைப்பின் பெயரிலோ, ஏதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியின் பெயரிலோ ஒரு கம்பத்துக்கோ பழைய தோட்டக் குடியிருப்புக்கோ போய், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டிருப்பீர்கள். இனிமேலும் கேட்கப் போவீர்கள். அந்தக் கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாம்.

சிவப்புப் புத்தகம்

நம் நாட்டில் அந்தக் கேள்வி பெரிய அளவில் ஒருமுறை கேட்கப்பட்டிருக்கிறது. 1959இல் ஊரக மேம்பாட்டுக்குத் தனி அமைச்சு உருவானது. பொறுப்பு துன் அப்துல் ரசாக்கிடம் இருந்தது. அடுத்த ஆண்டு வந்தது சிவப்புப் புத்தகத் திட்டம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரியின் தலைமையில் ஒரு குழு கூடும். எந்தக் கம்பத்துக்குச் சாலை வேண்டும், எங்கே பாலம், எங்கே குடிநீர், எங்கே பள்ளிக்கூடம் என்று திரட்டி வரைபடத்தில் குறிக்கும். அந்தத் தொகுப்புதான் சிவப்புப் புத்தகம். தலைநகரில் இருந்த நடவடிக்கை அறையில் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். கம்யூனிஸ்டு கிளர்ச்சியை எதிர்க்க அவசரகாலத்தில் உருவான முறையை அப்படியே ஊரக மேம்பாட்டுக்குத் திருப்பினார்கள். வெறும் காகிதத் திட்டமாக அது நின்றுவிடவில்லை. சாலைகள் வந்தன, பாலங்கள் வந்தன.

தோட்டங்கள் மட்டும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. ரப்பர்த் தோட்டம் தனியாருடைய நிலம். அங்கே வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அரசாங்கத்தின் ஊரக மேம்பாட்டு நிதிக்கு அங்கே வேலையில்லை என்பது நிலைப்பாடு. ஊரகம் என்ற சொல்லுக்குள் லயம் அடங்கவில்லை. மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து இறந்தவர்கள் அதன் 'குடியிருப்போர்' ஆகவில்லை. அவர்கள் வேலையாட்கள். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

ஆகவே, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த 'உங்களில்' யார் யார் அடக்கம்? அந்த முடிவை எடுத்தவர் அறையில் இருக்க மாட்டார். கூட்டக் குறிப்பிலும் அது பதிவாகாது.

இன்னொரு வரலாறும் நினைவில் இருக்க வேண்டும். ஊராட்சி மன்றத் தேர்தல்கள் இந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தன. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் அவை நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அறிக்கை, தேர்தல் வேண்டும் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்திவிட்டது. அதிலிருந்து நம் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். கிராம மேம்பாட்டுக் குழுக்களும் அப்படித்தான். ஆட்சி மாறினால் குழுவின் பெயரும் ஆட்களும் மாறுவார்கள்.

வாக்குப் போட்டு நீக்க முடியாத ஒருவர் வந்து 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்கும்போது, அது உரிமையா சலுகையா என்ற சந்தேகம் மக்களுக்கு வருவது இயல்பு. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, அக்கறை இல்லாத சனம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த அறுபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாஜோங் தாளில் புள்ளிகள்

சில ஆண்டுகளுக்கு முன் பேராக்கில், தோட்டம் கைமாறியபின் எஞ்சிய குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் இப்படியொரு கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. சுவரில் பெரிய மாஜோங் தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் ஐந்து தேவைகள்: மண்டபக் கூரை, தெரு விளக்கு, பிள்ளைகளுக்கு ஃபுட்சால் திடல், கிளினிக்குப் போய்வர வேன், கீழ்வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு வண்ணப் புள்ளி. பிடித்ததன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மண்டபக் கூரைக்கு நாற்பத்துச் சொச்சம். கால்வாய்க்கு ஒன்பது.

மீகூன் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கீழ்வரிசை அக்கா ஒருவரிடம் பேசினேன்.

"எங்க வரிசையில நாலே வீடு. பெரியவங்க ஒம்பது பேருதான் தம்பி. அதான் ஒம்பது புள்ளி."

வருத்தமாக இருக்கிறதா என்றேன்.

"வருத்தப்பட்டு என்னா செய்ய. மழ பேஞ்சா தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வரும். சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்குத்தான் ஓடணும். கூரை நல்லா இருந்தா எங்களுக்கும் நல்லதுதானே."

கிண்டலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் கிண்டல் இல்லை.

மேல்வரிசைக்காரர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணம், கருமாதி, டியூஷன் எல்லாம் அந்த மண்டபத்தில்தான் நடக்கும். கூரை உண்மையாகவே ஒழுகியது. நான்கு குடும்பங்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் அங்கே ஒதுங்குகின்றன என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கால்வாய் சரியானால் அந்த ஒதுங்கலே தேவையில்லை என்பதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தக் கூட்டத்தில் நேரமே வைக்கப்படவில்லை. ஒட்டுவதற்குத்தான் நேரம் இருந்தது. கூரையும் கால்வாயும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள் என்பது அந்தத் தாளில் எங்கும் தெரியாது. தாளில் அவை போட்டியாளர்கள்.

எண்ணிக்கையும் வலியும்

வண்ணப் புள்ளி எல்லாவற்றையும் சமமாக்குகிறது. 'இருந்தால் நன்றாக இருக்கும்' என்பதற்கும் ஒரு புள்ளி, 'இல்லாவிட்டால் இரவு தூங்க முடியாது' என்பதற்கும் ஒரு புள்ளி. ஆளுக்கு ஒன்று என்பது சமத்துவம்தான். ஆனால் எண்ணிக்கை மட்டும் நியாயமாகிவிடுமா?

அமெரிக்க மெய்யியலாளர் டி. எம். ஸ்கேன்லன் 1998இல் வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறார். உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிபரப்பு அறையில் ஒரு தொழிலாளியின் கைமேல் கருவி விழுந்துவிட்டது. மின்சாரம் பாய்ந்து துடிக்கிறார். அவரை மீட்க வேண்டுமென்றால் கால்மணி நேரம் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். ஆட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பார்ப்பவர்கள் கோடிக்கணக்கானோர். அத்தனை பேரின் சின்னச் சின்ன ஏமாற்றங்களையும் கூட்டினால் ஒருவரின் வலியைவிடப் பெரிதாகுமா? ஆகாது, எத்தனை கோடிப் பேர் சேர்ந்தாலும் ஆகாது என்கிறார் ஸ்கேன்லன். காரணம் எளிமையானது. அந்தத் தொழிலாளி தன் வலியைச் சொன்னால், எதிரே வந்து நிற்கக்கூடியவர் ஒரு கூட்டுத்தொகை அல்ல. ஒரே ஒரு பார்வையாளர்தான். அவரால் சொல்ல முடிந்ததெல்லாம் 'எனக்குக் கால்மணி நேர ஆட்டம் போய்விடுமே' என்பதுதான். அதை அந்தத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நியாயத்தை அளக்க ஸ்கேன்லன் தரும் கோல் ஏறக்குறைய இதுதான்: பாதிக்கப்படுகிற ஒவ்வொருவரிடமும், அவர் நியாயமாக மறுக்க முடியாதபடி காரணம் சொல்ல முடிகிறதா?

இதனால் மிக மோசமாக இருப்பவர் கேட்பதை மற்றவர்கள் கேள்வியின்றிச் செய்துவிட வேண்டும் என்று ஆகாது. தேவைகள் பெரும்பாலும் அந்த ஒலிபரப்பு அறையைப் போலத் தெளிவாக இருப்பதில்லை. இருட்டில் நடந்துவரும் பள்ளிப் பிள்ளைகளின் பயமும், டயாலிசிஸுக்குப் போக வேன் கிடைக்காத பெரியவரின் தவிப்பும், வெள்ளம் வரும் வீடும் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்கலாம். அப்போது எண்ணிக்கைக்கும் இடம் உண்டு. ஆனால் எடை ஒன்றுதானா என்று தெரிவதற்கே முதலில் எல்லோரும் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

'ஊர் எதை விரும்புகிறது' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா? மூன்று அண்டை வீட்டுக்காரர்களை வைத்துப் பார்ப்போம். முதல்வருக்கு வேன், பிறகு விளக்கு, பிறகு மண்டபம். இரண்டாமவருக்கு விளக்கு, மண்டபம், வேன். மூன்றாமவருக்கு மண்டபம், வேன், விளக்கு. வேனா விளக்கா என்று கேட்டால் இரண்டுக்கு ஒன்று என்று வேன் ஜெயிக்கும். விளக்கா மண்டபமா என்றால் விளக்கு. அப்படியென்றால் வேன்தான் முதலிடம் என்று நினைப்போம். ஆனால் மண்டபமா வேனா என்று கேட்டுப் பாருங்கள், மண்டபம் ஜெயிக்கும். வட்டமாகச் சுற்றும் இந்தப் புதிரைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே கண்டார். 1951இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ இதை இன்னும் விரிவாக நிறுவினார்: எல்லோருடைய வரிசைகளையும் சேர்த்து ஊரின் வரிசையாக மாற்றுவதற்கு, நாம் எதிர்பார்க்கும் எளிய நியாயங்கள் அனைத்தையும் நிறைவு செய்யும் விதி எதுவும் இல்லை.

கூட்டம் நடத்துகிறவர் எந்த இரண்டை முதலில் மோதவிடுகிறாரோ, முடிவு அதைப் பொறுத்து மாறும். மார்க்கர் பேனா வைத்திருக்கும் அந்த நடுநிலையான தம்பியின் கையில் அவரே அறியாத அதிகாரம் இருக்கிறது. ஊரின் விருப்பம் என்பது தோண்டி எடுக்கக் காத்திருக்கும் புதையலைப் போல எங்கேயும் கிடக்கவில்லை. பேசித்தான் அதை உருவாக்க வேண்டும். பேச்சு நடக்காத இடத்தில் எண்ணி எடுத்ததை ஊரின் விருப்பம் என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சின்னதாகக் கேட்பவர்கள்

பேசவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்றால் அதுவும் சந்தேகம்தான். தோட்டத்துப் பாட்டிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணும் வேணாம்யா, தண்ணி மட்டும் ஒழுங்கா வந்தா போதும்" என்பார்கள். நாம் அதை எளிமை என்று மெச்சுவோம். அமர்த்தியா சென் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நீண்டகாலம் இல்லாமையில் வாழ்ந்தவர்கள் தங்கள் ஆசையை நடக்கக்கூடியதன் அளவுக்கு வெட்டிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் அன்றாடம் ஏமாந்துகொண்டே வாழ வேண்டியிருக்கும். ஆகவே ஒருவர் கேட்பதை வைத்து அவருக்கு உரியது எவ்வளவு என்று அளந்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. மக்கள் கேட்கிறவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். டியூஷன் நடத்தும் அமைப்பு வந்தால் டியூஷன் வேண்டும் என்பார்கள். அரசியல்வாதி வந்தால் கோயிலுக்கு மானியம். கம்பெனி வந்தால் பள்ளிப் பைகள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்று அனுபவத்தில் கண்ட அறிவு இது. நிலப்பட்டா வேண்டும் என்று ஒருவர் மாஜோங் தாளில் எழுதச் சொன்னால், "அது நம்ம புரோஜெக்ட்ல வராது அண்ணே" என்று சிரித்தபடி அடுத்தவரிடம் போய்விடுவோம். அந்த அண்ணன் அடுத்த கூட்டத்தில் ஃபுட்சால் திடல் கேட்பார்.

கேரளம் செய்து பார்த்தது

இதையெல்லாம் ஒரு மாநிலம் முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996 ஆகஸ்ட் 17ஆம் தேதி கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மலையாளத்தில் ஜனகீயாசூத்ரணம். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு நேராகப் போகும் என்று அறிவித்தார்கள். கேட்பதற்கு முன் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டார்கள் என்பது முக்கியம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு நிதி இருக்கிறதா என்று பிறகு பார்ப்பது வேறு. இவ்வளவு இருக்கிறது, வாருங்கள் பேசுவோம் என்பது வேறு. முதலாவது முறையில் மக்கள் மனுதாரர்கள். இரண்டாவதில் அவர்கள் பொறுப்பாளிகள்.

வார்டுதோறும் கிராமசபை கூடியது. பெரிய கூட்டமாகவே வைத்திருந்தால் நாலு பேர்தான் பேசுவார்கள் என்பதால், விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் நலன் என்று துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் இருந்தார். பிரச்சினை என்ன, ஏன் வந்தது, உள்ளூரிலேயே என்ன செய்ய முடியும் என்று பேசவைத்தார்கள். பிறகு ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊரின் வரலாறு, வளம், சிக்கல்கள் பற்றி அறிக்கை எழுதியது. அதன்மேல் கருத்தரங்கு, அதற்குப்பின் திட்டம் எழுதும் பணிக்குழுக்கள். இறுதி முடிவைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி எடுத்தது. தவறினால் அடுத்த தேர்தலில் கேட்கலாம்.

வீடு, கழிப்பறை போன்ற தனிநபர் உதவிகள் யாருக்கு முதலில் என்பதற்கு அளவுகோல்களும் மதிப்பெண்களும் வகுத்து வெளிப்படையாக வைத்தார்கள். தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவர் வந்து கேட்டால், 'உனக்கு இத்தனை மதிப்பெண், முன்னால் நிற்பவருக்கு இத்தனை, காரணம் இது' என்று சொல்ல வழி இருந்தது. கிடைக்காதவருக்குப் பணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைத்தது.

குறைகளும் இருந்தன. கூட்டங்களுக்கு வந்த பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. தனக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது என்று நினைத்த நடுத்தர வர்க்கம் வராமல் ஒதுங்கிக்கொண்டது. பங்கேற்பு தானாகவே நியாயத்தைக் கொண்டுவரும் என்று நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. திட்ட நிதியில் 10 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிதியும் தனியே இருந்தது. அதாவது சில விஷயங்கள் பெரும்பான்மையின் கைதூக்கலுக்கு வரவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். கேரளத்திலிருந்து கற்க வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஊர் என்றால் யார்?

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். காந்தி கிராமத்தைக் குடியரசாகக் கனவு கண்டார். அம்பேத்கரோ 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சாடினார். அரசியல் சட்ட வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். காந்தி கண்ட கிராமத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்பேத்கர் கண்ட கிராமத்தில் சிலர் உட்காரவே முடியாது.

அம்பேத்கர் மிகைப்படுத்தினார் என்று நினைப்பவர்கள் மதுரைப் பக்கம் பார்க்கலாம். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. ஜெயித்தவர்கள் உடனே பதவி விலகும்படி ஆனது. 2006இல்தான் நிலைமை மாறியது. மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனையும் அவருடன் இருந்த சிலரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். அந்த ஊர்களிலும் 'ஊர் கூடி' எடுத்த முடிவுகள் இருந்தன. ஊர் என்ற சொல்லே அங்கே சேரியை நீக்கிவிட்டுத்தான் பேசப்பட்டது.

நம்மூரில் அதெல்லாம் இல்லை என்று தேற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கே வேறொரு வேலி இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நம் தாத்தா பாட்டி வாழ்ந்த லயங்களில் இப்போது அவர்கள் வாழ்கிறார்கள். அதே தண்ணீர்க் குழாய், அதே இருண்ட சாலை. பழைய தோட்டக் குடியிருப்பில் மக்கள் கூட்டம் நடத்தும்போது அவர்களை அழைக்கிறோமா? நான் போன கூட்டங்களில் பார்த்ததில்லை. ஏன் என்று யாரையாவது கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. அவர்கள் வேலையாட்கள்தானே, பெர்மிட் முடிந்தால் போய்விடுவார்கள்.

1960இல் தோட்டத் தமிழர்களைப் பற்றிச் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். சட்டப்படி இரண்டும் ஒன்றில்லை என்று வாதாடலாம். குடியுரிமை வேறு, வேலை அனுமதி வேறு என்பதும் சரி. ஆனால் தெரு விளக்கு எங்கே போட வேண்டும் என்பதற்குக் குடியுரிமை எதற்கு? அந்தச் சாலையில் ராத்திரி நடக்கிறவருக்குத்தான் அது எங்கே இருட்டு என்று தெரியும். வரைபடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ற நினைவைக் கதைகளிலும் கவிதைகளிலும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த நினைவுக்கு ஏதாவது பயன் உண்டென்றால், அடுத்த வரைபடத்தைப் போடும்போது வேலிக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குத்தான்.

கடன்

ஆக, கீழே போனவருக்கு என்ன கடன்? எனக்குத் தெரிந்தவரை மூன்று.

முதலாவது, வாக்குக்கு முன்னால் காது. அவருடைய தேவையை அவர் வாயால் சொல்ல, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் எழுந்து நடந்துபோய் அந்தக் கால்வாயைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அரைமணி நேரத்தில் முடிகிற கூட்டத்தில் இது முடியாது. அப்படியானால் கூட்டம் அரைமணி நேரத்தில் முடியக் கூடாது.

இரண்டாவது, காரணம். 'ஓட்டு விழவில்லை' என்பது கணக்கு. காரணம் வேறு. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவது தெரியும், தெரிந்தும் இந்த ஆண்டு இதைத்தான் முதலில் எடுக்கிறோம், ஏனென்றால் இது என்று ஒருவர் அவர்முன் நின்று சொல்ல வேண்டும். சொல்ல முயலும்போது நா எழவில்லை என்றால் வரிசை தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, தொடர்ச்சி. பெரும்பாலான பட்டியல்கள் ஒருமுறை மட்டுமே பயன்படுகின்றன. மேலே இருக்கும் இரண்டை எடுத்துக்கொண்டு தாளைச் சுருட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு புதிய அமைப்பு, புதிய தாள், புதிய புள்ளிகள். நான்கு வீடுகள் என்றைக்கும் நான்கு வீடுகள்தான். ஒவ்வோர் ஆண்டும் தோற்பவர்கள் அவர்களே என்றால், அது முறையே அவர்களைத் தோற்கடிக்கிறது என்று பொருள். காத்திருந்த ஆண்டுக்கும் ஓர் எடை வேண்டும்.

இந்த மூன்றையும் செய்தால்கூடச் சிலருக்கு வேண்டியது கிடைக்காது. பணம் பற்றாத இடத்தில் எந்த மெய்யியலும் பணத்தை உண்டாக்காது. ஆனால் தோற்ற பிறகும் இது என் ஊர் என்று ஒருவர் சொல்ல முடிகிறதா என்பது பணத்தைப் பொறுத்ததில்லை. அது மற்றவர்கள் அவரிடம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது.

நண்பர்களே, அடுத்தமுறை ஒரு குடியிருப்புக்கு மாஜோங் தாளும் மார்க்கருமாகப் போனால், 'உங்களுக்கு என்ன தேவை' என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்னால் யாராவது வந்து கேட்டார்களா, அப்போது பட்டியலில் கடைசியாக நின்றது எது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல யாராவது ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்திருப்பார். அவர் பேசி முடிக்கும்வரை புள்ளிகளைப் பையிலேயே வைத்திருங்கள்.